துணைப்பாடம் உதவுகிறதா? 16 பிள்ளைகளின் மார்க்கை வைத்துப் புள்ளியியல் பழகலாம்

“துணைப்பாடத்தில் சேர்த்தோம், மார்க் ஏறியிருக்கிறது, அப்போ நல்ல வகுப்புதான்.” சிங்கப்பூரில் பெற்றோர் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. 2023-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1.8 பில்லியன் வெள்ளி செலவழிக்கின்றன. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 1.4 பில்லியன். இவ்வளவு பணமும், அதைவிடப் பெரிதாகப் பிள்ளைகளின் சனிக்கிழமைகளும் போகிற ஒரு விஷயத்தை ‘ஏறியிருக்கிறது’ என்ற ஒரே சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. சமூக மன்றத்தில் வகுப்பு எடுக்கிற தொண்டூழியர்கள், பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பவர்கள், பாலிடெக்னிக்கில் முதல்முறை புள்ளியியல் படிக்கிற தம்பி தங்கைகள், எல்லாரும் செய்யக்கூடிய கணக்குதான் இது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். எக்செல் அல்லது கூகல் ஷீட்ஸ், அப்புறம் 16 துண்டுத்தாள்.

கீழே வரும் மார்க்கெல்லாம் பயிற்சிக்காக நானே போட்டவை, எந்தப் பள்ளியின் உண்மைத் தரவும் இல்லை. செய்முறையைப் பிடித்துக்கொண்டு உங்கள் எண்களை உள்ளே போடுங்கள்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

‘துணைப்பாடம் உதவுமா?’ என்று கேட்டால் எதையும் கணக்கிட முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘ஒரே பள்ளியில் படிக்கும் தொடக்கநிலை 6 பிள்ளைகளில், எங்கள் கணித வகுப்புக்கு வந்தவர்களின் மார்க், தொடக்கநிலை 5 ஆண்டிறுதியிலிருந்து பிரிலிம் வரை, வராதவர்களைவிட அதிகமாக ஏறியதா?’ நீளமாக இருக்கிறது, இருக்கட்டும். பிரிலிம் என்பது பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கு முன் வரும் முன்னோட்டத் தேர்வு. ‘ஒரே பள்ளி’ என்பது இதில் முக்கியம், ஏனென்றால் பிரிலிம் தாளைப் பள்ளிகளே தயாரிக்கின்றன, ஒரு பள்ளியின் 60-ஐயும் இன்னொரு பள்ளியின் 60-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. எண்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள், பார்த்த பிறகு எழுதினால் விடைக்கு ஏற்ற மாதிரி கேள்வி வளைந்துவிடும்.

2. அட்டவணை

ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பெயர் வேண்டாம், எண் கொடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் மார்க் பிள்ளையுடையது, பெற்றோரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேர்வுக்கு வராத பிள்ளைக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். ஒரு 0 சராசரியையே கீழே இழுத்துவிடும்.

வகுப்புக்கு வந்த 8 பேர் (முதலில் ஆண்டிறுதி, அடுத்து பிரிலிம்):
38→44, 42→49, 45→46, 47→55, 50→53, 52→60, 56→57, 62→68

வராத 8 பேர்:
58→62, 61→64, 64→69, 66→65, 70→72, 72→78, 75→76, 94→90

3. கணக்குக்கு முன் கண்

ஒரு கோடு போட்டு 0 முதல் 100 வரை குறித்து, ஒவ்வொரு ஆண்டிறுதி மார்க்குக்கும் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டு குழுவுக்கும் இரண்டு நிறம். இதைச் செய்யாமல் நேரே சூத்திரத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். புள்ளி வைத்தால் உடனே இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, வந்தவர்கள் பெரும்பாலும் இடது பக்கம், வராதவர்கள் வலது பக்கம். இன்னொன்று, 94 தனியாகத் தூரத்தில் நிற்கிறது.

வராதவர்களின் ஆண்டிறுதிச் சராசரி 70. அந்த 94-ஐ எடுத்துவிட்டால் 66.6. இடைநிலை அளவு, அதாவது மார்க்கை வரிசையாக அடுக்கி நடுவில் வருவது (எட்டுப் பேர் என்றால் நடுவில் வரும் இரண்டின் சராசரி), 68-லிருந்து 66-க்குத்தான் இறங்குகிறது. ஒரு பிள்ளையால் சராசரி இவ்வளவு ஆடுகிறது என்றால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

4. எல்லாரும் விழுகிற குழி

பிரிலிம் சராசரியை மட்டும் பாருங்கள். வந்தவர்களுக்கு 54, வராதவர்களுக்கு 72. ‘அப்படியானால் துணைப்பாடம் கெடுதல் செய்கிறதா?’ இல்லை. தடுமாறுகிற பிள்ளைகளைத்தான் பெற்றோர் இந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்திலேயே 49-க்கும் 70-க்கும் 21 மார்க் இடைவெளி இருந்தது, அது இப்போது 18 ஆகியிருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் போகிற விலையுயர்ந்த நிலையத்தில் இதே தவறு தலைகீழாக நடக்கும். ஏற்கெனவே 80 வாங்குகிற பிள்ளைகள் அங்கே சேர்வார்கள், அப்புறம் சுவரில் ஒட்டியிருக்கிற ஏஎல்1 (பிஎஸ்எல்இ-யில் மிக உயர்ந்த தரம்) பட்டியலைப் பார்த்து நாம் வகுப்பைப் புகழ்வோம். வகுப்புக்குள் யார் வந்தார்கள் என்று கேட்காமல் முடிவை மட்டும் பார்ப்பது, பள்ளிகளை ஒப்பிடும்போதும் இங்கே அன்றாடம் நடக்கிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

5. மாற்றத்தைக் கணக்கிடுங்கள்

பிரிலிமிலிருந்து ஆண்டிறுதியைக் கழித்து ஒரு புதிய நெடுவரிசை.

வந்தவர்கள்: 6, 7, 1, 8, 3, 8, 1, 6. சராசரி 5.
வராதவர்கள்: 4, 3, 5, −1, 2, 6, 1, −4. சராசரி 2.

வராதவர்களுக்கும் 2 ஏறியிருப்பதைக் கவனியுங்கள். பள்ளி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது, தாள் எளிதாக இருந்தது, பிள்ளை ஒரு வயது வளர்ந்தது, எல்லாம் அந்த 2-க்குள் இருக்கலாம். வகுப்பின் பங்கு என்று அதிகபட்சம் சொல்லக்கூடியது மீதி 3 மட்டுமே. ஆக, ‘எங்கள் பிள்ளைகள் 5 மார்க் ஏறினார்கள்’ என்று விளம்பரம் போட்டால் அதில் 2 மார்க் நம்முடையதே இல்லை.

திட்டவிலக்கத்தையும் எடுங்கள், மாற்றங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு அது. எக்செல்லில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. வந்தவர்களுக்குச் சுமார் 2.9, வராதவர்களுக்கு 3.3. நாம் பேசிக்கொண்டிருக்கிற வித்தியாசமே 3 தான், பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வித்தியாசமும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த இடத்தில்தான் சந்தேகம் வர வேண்டும்.

6. ஏஎல்-ஐ வைத்து ஏன் கணக்கிடவில்லை?

பிஎஸ்எல்இ முடிவு 2021 முதல் ஏஎல் எனும் தரப் பட்டைகளில் (எண் குறைந்தால் தரம் உயர்வு) வருவதால் பலர் ஏஎல்-ஐயே அட்டவணையில் போடுகிறார்கள். ஏஎல்6 என்பது 45 முதல் 64 வரை, ஏஎல்5 என்பது 65 முதல் 74 வரை, ஏஎல்2 வெறும் 85 முதல் 89. பட்டைகளின் அகலமே ஒன்றுபோல் இல்லை. நம் எட்டுப் பேரைப் பாருங்கள். எட்டுப் பேரும் ஏறினார்கள், ஆனால் ஏஎல் மாறியது இரண்டு பேருக்குத்தான்: 42→49 பிள்ளை ஏஎல்7-லிருந்து 6-க்கு, 62→68 பிள்ளை 6-லிருந்து 5-க்கு. 52-லிருந்து 60-க்கு வந்த பிள்ளை 8 மார்க் ஏறியும் ஏஎல்6-லேயே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு ஏஎல் சரியான கருவி, 2020 வரை இருந்த டி-ஸ்கோர் எனும் பழைய மதிப்பெண் முறை மற்ற பிள்ளைகளோடு மிக நுணுக்கமாக ஒப்பிட்டது, அந்தப் போட்டியைக் குறைக்கத்தான் பட்டைகளை அகலமாக்கினார்கள். அதே அகலத்தால் முன்னேற்றத்தை அளக்க ஏஎல் உதவாது. அதற்கு மார்க்கே வேண்டும். பிள்ளையிடமும் மார்க்கைச் சொல்லுங்கள், ‘இன்னும் ஏஎல்6 தானா’ என்று கேட்டால் அந்த 8 மார்க் உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போகும்.

7. துண்டுத்தாள் சோதனை

அந்த 3 மார்க் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா? சூத்திரம் இல்லாமலே பார்க்கலாம். 16 மாற்றங்களையும் 16 துண்டுகளில் எழுதுங்கள். வகுப்பால் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ‘6’ என்ற துண்டு இந்தப் பக்கமும் இருந்திருக்கலாம், அந்தப் பக்கமும் இருந்திருக்கலாம். ஆகவே நன்றாகக் குலுக்கி, 8 துண்டு இடது பக்கம், 8 வலது பக்கம் போடுங்கள். இரண்டு சராசரி, இடதிலிருந்து வலதைக் கழியுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள். வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் 100 தடவை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

16 துண்டுகளை இப்படிப் பிரிக்க 12,870 வழிகள் உண்டு. அதில் இடது பக்கம் 3 அல்லது அதற்கு மேல் கூடுதலாக வருவது ஏறத்தாழ 100-க்கு 4 அல்லது 5 தடவை. ‘உதவியதா, கெடுத்ததா, எதுவாக இருந்தாலும்’ என்று இரண்டு பக்கத்தையும் எண்ணினால் 100-க்கு 9 போல வரும். பாடப்புத்தகங்கள் 100-க்கு 5 என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன, அதற்குள் வந்தால்தான் ‘தற்செயல் இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் எண்ணினால் கோட்டைத் தொடுகிறோம், இரண்டு பக்கம் எண்ணினால் அந்தக் கோட்டுக்குள் வரவில்லை. கேள்வியை முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான், எது வசதியோ அதைப் பின்னால் பொறுக்கக் கூடாது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். 94→90 பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வராதவர்களின் சராசரி மாற்றம் 2.9 ஆகிவிடும், நம் 3 மார்க் வித்தியாசம் 2.1 ஆகச் சுருங்கும். ஒரே ஒரு பிள்ளை! எட்டுப் பேரை வைத்துச் சொல்கிற எந்த முடிவும் இவ்வளவு மெலிதாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் ‘யாருக்கெல்லாம் மார்க் ஏறியது?’ என்று கேட்டு ஆளைச் சேர்ப்பதும் வழி இல்லை, ஏறியவர்கள்தான் பதில் போடுவார்கள். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பீசா சோதனையில் சிங்கப்பூரின் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 575 எடுத்தார்கள், அதை நடத்துகிற ஓஇசிடி அமைப்பின் நாடுகளின் சராசரி 472. அதை நம்ப முடிவதற்குக் காரணம் பங்கேற்ற மாணவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள் இல்லை, முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

8. இன்னும் மிச்சமிருக்கிற சந்தேகம்

38 வாங்கிய பிள்ளைக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். அடுத்த தேர்வில் அந்தப் பிள்ளை வகுப்பு இல்லாமலும் ஏறும். 94 வாங்கிய பிள்ளைக்கு அன்று தெரிந்த கேள்வியாகவே வந்திருக்கலாம், அடுத்த முறை சற்று இறங்கும். கடைக்கோடியில் இருக்கிற மார்க் அடுத்த முறை நடுப்பக்கம் நகர்வது எந்தத் தேர்விலும் நடக்கிற ஒன்று. குறைந்த மார்க் பிள்ளைகளை மட்டும் சேர்க்கிற வகுப்புக்கு இது இலவசமாகக் கிடைக்கிற ஏற்றம். அந்த 3 மார்க்கில் இதன் பங்கு எவ்வளவு என்று நம் அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்ய ஒரு நேர்மையான வழி இருக்கிறது. 20 இடத்துக்கு 40 பேர் விண்ணப்பித்தால் குலுக்கல் நடத்துங்கள். தொடக்கநிலை 1 பதிவில் இடம் போதாதபோது குலுக்கல் நடப்பது நமக்குப் பழக்கமானதுதான். இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த தவணையில் கட்டாயம் இடம் கொடுங்கள், அதை முதலிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். குலுக்கல் போட்டால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்பும், அக்கறையான பெற்றோரும் காய்ச்சல் வந்த பிள்ளையும் இரண்டு பக்கமும் இருப்பார்கள். அட்டவணையில் ‘குலுக்கலில் கிடைத்ததா’ என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். இடம் கிடைத்தும் பாதியில் நின்ற பிள்ளையை நீக்காதீர்கள், ‘கிடைத்தது’ குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். நின்றுவிடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கஷ்டப்படுகிறவர்கள், அவர்களைக் கழித்துவிட்டால் நான்காம் படியில் பார்த்த அதே குழிக்குள் திரும்பவும் விழுவோம்.