கட் பண்ணி பேஸ்ட் பண்ணா அது பேக்கப் இல்ல: எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ல டிடிபி கடை வச்சு பதினாறு வருஷம் ஆகுது. கல்யாண பத்திரிகை, பில் புக், லெட்டர்பேட், காலேஜ் பசங்க பிராஜெக்ட்னு எல்லாம் பண்றோம், கூடவே சின்ன சின்ன கம்ப்யூட்டர் வேலையும் பார்த்து குடுக்குறேன். போன வாரம் காட்பாடில ரூம் எடுத்து தங்கி படிக்கிற ஒரு பையன் வந்தான். கைல போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், முகமே சரியில்ல. "அக்கா, பேக்கப்லாம் கரெக்டா எடுத்து வச்சிகினு தான் இருந்தேன், இப்ப டிஸ்க் வரமாட்டுது"ன்னான். சரி லேப்டாப்ல இருக்கிறத எடுத்துக்கலாமேன்னு கேட்டா, லேப்டாப்ல எதுவும் இல்லக்கா, எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டேன்னு சொல்றான்.

அதே தப்பு. நான் 2018ல பண்ண அதே தப்பு. அதனால தான் இத எழுதுறேன். நல்ல கம்பெனி டிஸ்க் வாங்குங்க, தண்ணி படாம வைங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதி நேரத்த வீணாக்கல.

மாத்தி வைக்கிறத பேக்கப்னு நெனக்கிறது

பேக்கப்னா ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல இருக்கணும், அவ்வளவு தான் அதோட அர்த்தம். லேப்டாப்ல இடம் இல்லன்னு ஃபோட்டோ, வீடியோ எல்லாம் கட் பண்ணி எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பேஸ்ட் பண்றீங்கன்னா, முன்னாடி ஒரு எடத்துல ஒரே காப்பி இருந்துச்சு, இப்பவும் ஒரே காப்பி தான் இருக்கு, ஆனா மேசை மேல அசையாம இருந்தது இப்ப பையில, பஸ்ல, பைக் டேங்க் கவர்ல சுத்துது. இன்னும் மோசமான நெலம தான். ஆனா பேக்கப்ங்கிற பேரு வச்சதால மனசு நிம்மதியாயிடும், அப்புறம் அத பத்தி யோசிக்கவே மாட்டோம்.

எனக்கு நடந்தது இது. 2018 மே மாசம், அக்னி நட்சத்திர வெயில், கடை சிஸ்டம்ல டி டிரைவ் ஃபுல்லா சிவப்பு கோடு காட்டிகிட்டே இருந்துச்சு. கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து பண்ண டிசைன் ஃபைல் அத்தனையும், பேஜ்மேக்கர், கோரல் டிரா எல்லாமே, ஒரு 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் வாங்கி கட் பண்ணி போட்டேன். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் ஓடுச்சு. மறுநாள் காலைல ஒரு பத்திரிகை ஃபைல் எடுக்கலாம்னு டிஸ்க்க மாட்டுனேன், கேபிள் மேசை ஓரமா தொங்குது, பில் புக் பண்டில தூக்கிட்டு திரும்புனப்போ கேபிள்ல கை மாட்டி டிஸ்க் கீழ விழுந்துச்சு. ரெண்டரை அடி உயரம் கூட இருக்காது.

உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்திட்டு இருக்கும், அதுக்கு மேல படிக்கிற ஹெட் சில நானோமீட்டர் இடைவெளில மிதக்கும், நம்ம தலைமுடி தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல அந்த இடைவெளி. சுத்தாம நிக்கும்போது விழுந்தா ஹெட் ஓரமா ஒதுங்கி நிக்கும், பொழைக்க வாய்ப்பு இருக்கு. சுத்தும்போது விழுந்தா ஹெட் போய் தட்டுல உரசும். எடுத்து மாட்டுனேன், டிக், டிக், டிக்னு சத்தம், அப்புறம் நின்னுடுச்சு. அப்ப தெரியாம திருப்பி திருப்பி பத்து தடவயாவது மாட்டி பார்த்தேன், வேற போர்ட், வேற சிஸ்டம், வேற கேபிள்னு. ஒவ்வொரு தடவ மாட்டும்போதும் ஒடஞ்ச ஹெட்டால தட்ட சொரண்டிட்டு இருந்திருக்கேன். டிக் டிக் சத்தம் கேட்டா அந்த நிமிஷமே கழட்டி வச்சிடணும், டேட்டா வேணும்னா சுத்தமான அறைல தெறந்து ஹெட் மாத்துற ரெகவரி லேப்புக்கு தான் அனுப்பணும். நான் விசாரிச்சப்போ அவங்க சொன்ன தொகை என் கடையோட ரெண்டு மாச வருமானம், அதுலயும் கேரண்டி கிடையாது. விட்டுட்டேன்.

விட்டதோட வலி அடுத்த வருஷம் தான் தெரிஞ்சுச்சு. 2019 நவம்பர்ல வேலூர் மாவட்டத்துல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமா பிரிஞ்சுச்சு. உடனே ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு பக்கத்து பழைய கஸ்டமர்ங்க வரிசையா வந்தாங்க, லெட்டர்பேட், பில் புக், கவர் எல்லாத்துலயும் மாவட்டம் பேர மாத்தணும். ஒரே ஒரு வார்த்தை. ஃபைல் இருந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை, பிரிண்ட் போட்டு காசு வாங்கி இருக்கலாம். என்கிட்ட ஃபைலே இல்ல. பழைய லெட்டர்பேட்ட ஸ்கேன் பண்ணி, லோகோவ மறுபடி கோடு கோடா வரைஞ்சு, எல்லாத்தையும் மறுபடி டைப் அடிச்சேன். தோல் கம்பெனிக்காரர் ஒருத்தர், வயசானவர், "இன்னாம்மா, உன்கிட்ட தான இருந்துச்சு, நீ தான போட்டு குடுத்த"ன்னு கேட்டார். கோவமா கூட கேக்கல. அதுக்கு என்ன பதில் சொல்றது?

இன்னொன்னும் இருக்கு, இது இப்ப உள்ள பசங்களுக்கு ரொம்ப முக்கியம். அந்த காலத்து சிஸ்டம்ல ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு, அதுல ஒரு ஃபைல அழிச்சாலும் மேல வேற ஃபைல் எழுதாத வரைக்கும் டேட்டா அப்படியே கிடக்கும், ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு ஓரளவு மீட்டுடலாம். நான் கூட டி டிரைவ்ல ரெகவரி ஓட்டி கொஞ்சம் பத்திரிகை ஃபைல்ங்கள எடுத்தேன், ராத்திரியே புது வேலை எதுவும் அதுல சேவ் பண்ணாததால. இப்ப லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்ல சேமிக்கிற டிஸ்க். அதுல ஃபைல அழிச்சா விண்டோஸே ட்ரிம்னு ஒரு கட்டளை அனுப்பி இந்த இடம் இனி தேவையில்லன்னு சொல்லிடும், எஸ்எஸ்டி அந்த இடத்த சுத்தமா தொடச்சிடும். கட் பண்ணி வேற டிஸ்க்ல பேஸ்ட் பண்றதும் உள்ளுக்குள்ள காப்பி பண்ணிட்டு அழிக்கிறது தான், ரீசைக்கிள் பின்னுக்கு கூட போகாது. அந்த பையன் லேப்டாப்ல ரெகவரி போட்டு பார்த்தேன், ஃபைல் பேரு சிலது வந்துச்சு, தெறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மூணு வருஷ ஃபோட்டோ, ஃபைனல் இயர் பிராஜெக்ட், பாட்டியோட கடைசி பிறந்தநாள் வீடியோ. எனக்கு கிடைச்ச அந்த கொஞ்சம் கூட அவனுக்கு கிடைக்கல.

இடம் இல்லன்னா என்ன தான் பண்றதுன்னு கேப்பீங்க. ரெண்டு டிஸ்க் வாங்குங்க. ரெண்டுலயும் காப்பி பண்ணுங்க, கட் வேணாம், காப்பி. ரெண்டையும் தெறந்து பாருங்க. அப்புறம் லேப்டாப்ல அழிங்க. ஒரு டிஸ்க் வாங்க தான் காசு இருக்குன்னா அழிக்காம இருங்க, அடுத்த டிஸ்க் வாங்குற வரைக்கும் லேப்டாப்ல இருக்கிற தேவையில்லாத சினிமா, பழைய இன்ஸ்டாலர எடுத்து போடுங்க, அதுலயே நெறய இடம் வரும்.

சி டிரைவ்ல இருந்து டி டிரைவ்

இப்படி காப்பி பண்றதும் பேக்கப் இல்ல. பெரும்பாலான சிஸ்டத்துல அது ஒரே டிஸ்க். பேரு தான் ரெண்டு.

தெறந்து பார்க்காம விடுறது

காப்பி முடிஞ்சுடுச்சுன்னு அந்த பச்ச கோடு போனதும் கழட்டிடாதீங்க. ரெண்டு பக்கமும் ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாருங்க, எத்தனை ஃபைல்னு ஒரு எண்ணிக்கை காட்டும், பழசுல 18,412ன்னா புதுசுலயும் 18,412 இருக்கணும். எண்ணிக்கை சரியா இருந்தாலும் அங்கங்க ஒரு பத்து ஃபைல தெறங்க, வீடியோவ நடுவுல தள்ளி ஓட்டி பாருங்க. முடிஞ்சா வேற ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி தெறங்க. முக்கியமா, ரொம்ப சல்லிசா 2 டிபின்னு விக்கிற பென்டிரைவ் வாங்குனவங்க கண்டிப்பா பார்க்கணும், உள்ள 32 ஜிபி தான் இருக்கும், விண்டோஸ் 2 டிபின்னு தான் காட்டும், காப்பியும் எரர் இல்லாம முடியும், 32க்கு மேல போனதெல்லாம் குப்பையா இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு, புது டிஸ்க்க முழுசா எழுதி படிச்சு பார்த்து உண்மைய சொல்லிடும்.

டெஸ்க்டாப் ஃபோல்டர மட்டும் எடுக்குறது

டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ரெண்டையும் காப்பி பண்ணிட்டு எல்லாம் வந்துடுச்சுன்னு நெனக்கிறாங்க. கணக்கு பார்க்குறவங்களுக்கு டாலி டேட்டா அங்க இருக்காது, அது தனி ஃபோல்டர், டாலிக்குள்ளயே டேட்டா எங்க இருக்குன்னு பாத் காட்டும், அத பார்த்து எடுங்க. அவுட்லுக் வச்சிருந்தா மெயில சேமிச்சு வைக்கிற பிஎஸ்டி ஃபைல பாருங்க.

என் மாதிரி டிடிபிகாரங்களுக்கு ஃபான்ட். இத யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லா சிஸ்டத்துலயும் தமிழ் தமிழாவே தெரியுற யூனிகோட் முறை பரவுறதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்ச பத்திரிகை எல்லாம், அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டம்ல தெறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து ஏதோ சங்கேதம் மாதிரி தெரியும். ஃபைல் பத்திரமா இருக்கும், ஆனா படிக்க முடியாது. குடியாத்தத்துல ஒரு பிரஸ்காரர் புது சிஸ்டம் வாங்கிட்டு பழச எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டார், ஃபைல் எல்லாம் டிஸ்க்ல இருக்கு, அவர் வருஷக்கணக்கா வச்சிருந்த ஃபான்ட் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு ஃபான்ட்டா தேடி என்கிட்ட இருந்து வாங்கிட்டு போனார், நாலு ஃபான்ட் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. ஃபான்ட் ஃபோல்டர இன்னிக்கே காப்பி பண்ணி வைங்க.

ஒன்டிரைவ் ஓடுற லேப்டாப்னா இன்னொரு சிக்கல். ஃபைல் பக்கத்துல மேகம் மாதிரி ஒரு குறி இருந்தா அந்த ஃபைல் உங்க லேப்டாப்ல இல்ல, நெட்ல இருக்கு, இங்க இருக்கிறது பேரு மட்டும் தான். நெட் இல்லாம காப்பி பண்ணா வராது. ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி எப்பவும் இந்த டிவைஸ்ல வைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத குடுத்து எல்லாம் இறங்குனதுக்கப்புறம் காப்பி பண்ணுங்க.

கருப்பு போர்ட்ல மாட்டுறது

பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல செகண்டுக்கு 35 எம்பி வந்தா பெரிசு, 500 ஜிபி போக நாலு மணி நேரம் ஆகும், நடுவுல பொறுமை இழந்து புடுங்கிடுவீங்க. நீல கலர் போர்ட்ல மாட்டுனா ஒண்ணேகால் மணி நேரத்துல முடியலாம்.

ஃபார்மட் பண்ணவான்னு விண்டோஸ் கேட்டா

உள்ள டேட்டா இருக்கிற டிஸ்க்ல நோ. எப்பவும் நோ.

எப்பவும் மாட்டியே வைக்கிறது

2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர், அதாவது ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ், ஒலகம் முழுக்க சுத்துச்சு, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வைரஸ் சி டிரைவ பூட்டிட்டு நிக்காது, சிஸ்டத்துல மாட்டியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் சேர்த்து பூட்டும், பேக்கப் டிஸ்க்குன்னு அதுக்கு தெரியுமா என்ன. இடி இடிச்சு கரண்ட் ஏறி எறங்கி சிஸ்டம் போனாலும் மாட்டியிருக்கிற டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். காப்பி முடிஞ்சா எஜெக்ட் குடுத்து கழட்டி பீரோல வைங்க.

மிர்ரர் ஆப்ஷன தெரியாம போடுறது

ஃப்ரீஃபைல்சிங்க், ரோபோகாப்பி எல்லாம் ரெண்டு ஃபோல்டர ஒரே மாதிரி ஆக்குற நல்ல சாஃப்ட்வேர், நானும் பயன்படுத்துறேன். ஆனா மிர்ரர்னா இடது பக்கம் இல்லாதத வலது பக்கமும் அழிக்கும்னு அர்த்தம். எது இடது எது வலதுன்னு மாத்தி குடுத்துட்டீங்கன்னா காலியா இருக்கிற புது டிஸ்க்க பார்த்து உங்க லேப்டாப்பையும் காலி பண்ணிடும். ஃப்ரீஃபைல்சிங்க்ல மொதல்ல கம்பேர் மட்டும் குடுங்க, எத்தனை ஃபைல அழிக்க போகுதுன்னு ஒரு லிஸ்ட் வரும், அந்த எண்ணிக்கைய பார்த்துட்டு தான் அடுத்த பட்டன்.

ரெண்டு டிஸ்க்கையும் ஒரே வீட்ல வைக்கிறது

பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் பிரபலப்படுத்துன 3-2-1 கணக்கு இது: மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், அதுல ஒண்ணு வேற எடத்துல. வேற எடத்துல எதுக்குன்னு நானும் அலட்சியமா தான் இருந்தேன். 2021 நவம்பர்ல பாலாத்துல அவ்வளவு வெள்ளம் வந்துச்சு, வருஷக்கணக்கா மணலா கிடந்த ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. கரையோரம் இருக்கிற ஒரு கஸ்டமர் வீட்டுக்குள்ள தண்ணி வந்து, சிஸ்டம், டிஸ்க், பழைய ஆல்பம் எல்லாமே ஒரே ரூம்ல இருந்ததால எல்லாமே போச்சு. சேறு காஞ்ச டிஸ்க்க பழைய துணில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க.

அதுல இருந்து என் ரெண்டாவது டிஸ்க் ஆரணில தங்கச்சி வீட்டு பீரோல இருக்கு, ஸ்டிக்கர்ல கடைசியா காப்பி பண்ண தேதி எழுதி ஒட்டியிருப்பேன். மாசத்துல ஒரு ஞாயிறு அங்க போகும்போது லேப்டாப்ப தான் எடுத்துட்டு போவேன், அங்கயே உக்காந்து காப்பி பண்ணி பீரோல வச்சிட்டு வருவேன். வேலூர் டிஸ்க்க கூட எடுத்துட்டு போறதில்ல. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பையில ஒரே பஸ்ல இருக்கிற ஒரு மணி நேரம் கூட வேணாம்.