மலேசியத் தேர்தல் முடிவை நாமே படிப்பது எப்படி?

மலேசியாவில் பொதுத்தேர்தல் நடக்கும் இரவில் திரை முழுக்க எண்கள் ஓடும். எந்தக் கூட்டணிக்கு எத்தனை இடம் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். ஏன் அப்படி வந்தது என்பதுதான் தெரியாது. அதற்குக் கட்சிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தொகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: தொகுதி எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மக்களவையில் 222 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 'பி' எழுத்தோடு ஓர் எண் உண்டு. பெர்லிஸின் பாடாங் பெசார் பி.001. அங்கே தொடங்கும் வரிசை ஜொகூர் வரை இறங்கி, கடல் தாண்டி, சரவாக்கின் லாவாஸில் பி.222 என்று முடிகிறது. சட்டமன்றத் தொகுதிக்கு 'என்' எழுத்து. இதில் கவனம் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் எண் மறுபடியும் 1-இல் தொடங்கும். வெறும் 'என்.20' என்றால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

நாம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்வோம். பி.062. இதற்குள் என்.20 லிந்தாங், என்.21 ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர்களான துன் சம்பந்தனும் அவருக்குப் பின் சாமிவேலுவும் நின்று வென்ற தொகுதி. 2008இல் மலேசிய சோசலிசக் கட்சியின் ஜெயக்குமார் தேவராஜ் இங்கேதான் சாமிவேலுவைத் தோற்கடித்தார்.

உங்கள் தொகுதி எது என்று தெரியாவிட்டால், தேர்தல் ஆணையத்தின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் போதும். அட்டையில் உள்ள முகவரிதான் தொகுதியை முடிவு செய்யும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். முகவரி மட்டும் தாமாக மாறாது. கோலாலம்பூரில் பல வருடங்களாக வேலை பார்ப்பவரும் அடையாள அட்டையில் ஊர் முகவரியை வைத்திருந்தால் ஊருக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். வாக்களிப்புக்கு முந்தின நாள் நெடுஞ்சாலை நிரம்பி வழிவது வேறு எதனால்?

படி 2: எத்தனை வாக்குச்சீட்டு என்று பாருங்கள்

2022 நவம்பர் 19இல் சுங்கை சிப்புட் வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. கிள்ளான் வாக்காளர் கையில் ஒன்றுதான். பேராக், பெர்லிஸ், பகாங் மாநிலங்கள் மட்டும் சட்டமன்றத்தையும் கலைத்துவிட்டுச் சேர்ந்தே தேர்தலுக்கு வந்தன. சிலாங்கூருக்குச் சட்டமன்றத் தேர்தல் 2023 ஆகஸ்டில் வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் வாசிகளுக்குச் சட்டமன்றமே கிடையாது, எப்போதும் ஒரே சீட்டு.

படி 3: தொகுதியின் அளவு

சிலாங்கூரின் பாங்கியில் 2022இல் 3 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இரண்டு இடத்திலிருந்தும் ஆளுக்கு ஓர் உறுப்பினர்தான். ஆகவே 'நாடு முழுக்க இத்தனை சதவீத வாக்கு' என்ற கணக்கை வைத்து இடங்களை ஊகிக்காதீர்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் ஆட்டத்தின் விதி இதுதான்.

படி 4: வென்றவர் யார், ஆள்வது யார்

தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் வென்றவர். பாதிக்கு மேல் தேவையில்லை. எட்டில் ஒரு பங்கு வாக்குகூட வாங்காதவருக்கு 10,000 ரிங்கிட் வைப்புத்தொகை போய்விடும். ஆட்சிக்கு 112 இடம் வேண்டும். 2022இல் யாருக்கும் அது கிடைக்கவில்லை. பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு, கூட்டாளிக் கட்சியான மூடாவின் ஓர் இடத்தையும் சேர்த்து 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 74, தேசிய முன்னணிக்கு 30. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து, நவம்பர் 24இல் பக்காத்தான் ஹராப்பான் தலைவர் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார்.

படி 5: சாலுரானைப் பாருங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் (பெரும்பாலும் ஒரு பள்ளிதான்) வாக்காளர்களைச் 'சாலுரான்' என்ற வரிசைகளாகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் வயதுப்படிதான். சாலுரான் 1இல் மூத்தவர்கள். எண் ஏற ஏற வயது குறையும். கடைசி வகுப்பறை வாசலில் முதல் முறை வாக்களிக்க வந்த பிள்ளைகள் கைபேசியோடு நிற்பார்கள். வாக்குகளை அந்தந்த சாலுரானிலேயே எண்ணி, 'பாரம் 14' என்ற படிவத்தில் எழுதி, வேட்பாளர்களின் முகவர்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள்.

ஒரே பள்ளியின் பாரம் 14-களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் சாலுரானில் ஒரு கட்சி முன்னே நின்று, கடைசியில் இன்னொன்று முன்னே வந்தால், அந்த ஊரில் தலைமுறை பிரிந்து வாக்களித்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் வயது அங்கே பெரிய விஷயம் இல்லை. பக்கத்துப் பள்ளியின் தாளை எடுத்து, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டா என்று தேடுங்கள்.

அஞ்சல் வாக்கும், போலீசார், ராணுவத்தினர் போட்ட முன்கூட்டிய வாக்கும் தனிக் கணக்கு. அவற்றை இந்த வயது ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.