ஓர் உப்பளக் கதை, நான்கு ஊடகங்கள்: தயாரிப்புக்கு முன் செய்ய வேண்டியவை

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரும் பெண்களின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு குழு முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பொருள் குறும்படமாகலாம், ஆவணப்படமாகலாம், வானொலிச் சித்திரமாகலாம், மாத இதழில் படக்கட்டுரையாகவும் வரலாம். எதுவானாலும் திட்டமிடலை ஒரே கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது: எந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் செய்த தவற்றைத் திருத்த முடியாமல் போகும்? குறும்படத்தில் அது படப்பிடிப்பு முடிந்து குழு ஊர் திரும்பும் நாள். ஆவணப்படத்தில் உப்புப் பருவம் முடியும் நாள். அச்சிதழில் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகும் நாள். அந்த நாளை முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களைப் பிரித்து வேலைகளை ஒதுக்க வேண்டும். தொடக்க நாளிலிருந்து முன்னோக்கித் திட்டமிடுபவர்களுக்குக் கடைசி வாரத்தில்தான் நெருக்கடி வருகிறது. அப்போது எடுக்கப்படும் முடிவுகளில் பல, இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு தாளில் செலவில்லாமல் எடுத்திருக்கக்கூடியவை.

உப்பளத்தைப் பொறுத்தவரை காலத்தை முடிவு செய்வது வானம்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்புநீரைத் தேக்கி உப்பு விளைவிக்கும் பாத்திகளில் நன்னீர் தேங்கி உற்பத்தி நின்றுவிடும். ஆகவே கோடையை ஒட்டிய மாதங்களிலேயே படப்பிடிப்பை முடிக்க வேண்டும். தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுவதால், காலை பத்து மணிக்குக் கேமராவை இறக்கும் குழுவுக்கு வேலையின் முக்கியமான பகுதி கிடைக்காது. இடம் பார்க்கச் செல்லும்போது, எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறோமோ அதே நேரத்தில், முடிந்தால் வாரத்தின் அதே கிழமையில் போய் நிற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகவே. அப்படிப் போனால்தான் வெண்மையான உப்புப் பரப்பு ஒளியைக் கீழிருந்து முகத்தில் எறிவதும், ஒளியைக் குறைக்கும் வடிகட்டி லென்ஸுக்குக் கட்டாயம் தேவை என்பதும், உப்புக் காற்றிலிருந்து கருவிகளைக் காக்க உறைகளும் துடைக்கும் துணிகளும் வேண்டும் என்பதும் தெரியவரும். காதையும் கூடவே கொண்டுபோக வேண்டும்: ஆடி மாதத்தில் அருகிலுள்ள அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால், அன்று உரையாடலைப் பதிவு செய்ய முடியாது.

குறும்படத்துக்கு எழுத்துப் பிரதி முழுமையாக முடியும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சரியான வடிவத்தில் தட்டச்சு செய்த பிரதியில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் தோராயக் கணக்கு. உரையாடல் இல்லாத உப்பளக் காட்சிக்கு இக்கணக்கு பொருந்தாது, ஏனெனில் மூன்று வரியில் எழுதிய உழைப்பு திரையில் இரண்டு நிமிடம் ஓடலாம். பிரதி முடிந்ததும் ஒவ்வொரு காட்சியையும் பிரித்து, அது நடக்கும் இடம், உள்ளா வெளியா, பகலா இரவா, வரும் நடிகர்கள், அவர்களின் உடை, கையில் இருக்கும் பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். பின்னர் கதை வரிசையை மறந்துவிட்டு, இடத்தின் வரிசையில் காட்சிகளை அடுக்க வேண்டும். தாயின் வீட்டில் நடக்கும் ஐந்து காட்சிகளும் கதையில் எங்கெங்கு வந்தாலும் ஒரே நாளில் எடுக்கப்படும். இவ்வாறு மாற்றி எடுக்கும்போது மூன்றாம் காட்சியில் கையில் இருந்த கட்டு ஏழாம் காட்சியில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள, கன்டினியூட்டி குறிப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் இருக்க வேண்டும். கால்ஷீட் என்றால் நம்மிடம் நடிகர் ஒதுக்கித் தரும் தேதிகள் என்ற பொருளே புழங்குகிறது. ஆனால் மறுநாள் யார், எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்பதை எழுதி முந்தைய மாலையே குழுவினர் அனைவருக்கும் அனுப்பும் ஒற்றைத் தாளும் அதே அளவுக்கு அவசியம். சிறிய குழுக்கள் இதைத் தவிர்த்துவிட்டு அதிகாலையில் தொலைபேசியில் அல்லாடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கதையில் அந்தப் பெண்ணுக்குப் பள்ளி செல்லும் மகள் இருந்தால், அட்டவணை அந்தக் குழந்தையைச் சுற்றியே அமைய வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற்ற பிறகே குழந்தையை நடிக்க வைக்கலாம். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றித் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போடப்பட வேண்டும். காட்சியில் மாடோ நாயோ வந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். பாத்திகளை மேலிருந்து காட்ட ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மண்டலங்களில் எதற்குள் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டும். துறைமுகமும் விமான நிலையமும் உள்ள ஊரில் இதை அனுமானித்துக்கொள்ள முடியாது. இந்த அனுமதிகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் தேதிகளும் பின்னோக்கிய நாட்காட்டியில் ஏற வேண்டும். செலவுத் திட்டத்தில் பேட்டா (குழுவினரின் தினப்படி), சாப்பாடு, வண்டி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, மொத்தத்தின் மேல் பத்து சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம்.

ஆவணப்படத்துக்கு முழுப் பிரதி எழுத முடியாது. எழுதினால் மனிதர்களை அதற்குள் திணிக்க நேரும். ஆனால் அதனால் முன்வேலை குறைவதில்லை, அதன் தன்மைதான் மாறுகிறது. கேமரா இல்லாமல் பலமுறை போய், பேசி, யார் பேச விரும்புகிறார்கள், யாருக்குப் பேசினால் வேலை போகும் அபாயம் உண்டு என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இங்கே முதன்மையான வேலை. ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் எழுதி, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, படம் எங்கெல்லாம் திரையிடப்படும் என்பதைச் சொல்லிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் கூலியைப் பற்றிப் பேசியதால் அடுத்த பருவத்தில் அவருக்கு வேலை கிடைக்காமல் போனால், அதற்கான பொறுப்பு படம் எடுத்தவர்களையும் சேரும்.

வானொலிக்குச் செலவு மிகவும் குறைவு. ஆனால் காட்டுவதற்கு எதுவும் இல்லாததால், ஒலிகளின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும்: பாத்தியில் நீர் பாயும் ஓசை, பலகை உப்பை இழுக்கும் ஓசை, கால்கள் உப்பில் நொறுங்கும் ஓசை, யாரும் பேசாத ஒரு நிமிடத்தின் வெற்றொலி. கடைசியாகச் சொன்னது இல்லாமல் ஒலித்தொகுப்பில் வெட்டுகளை மறைக்க முடியாது. எழுதிய உரையைக் கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பார்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். கேட்பவர் திருநெல்வேலி வட்டாரத்தவர் என்றால் பாத்தி என்ன என்று விளக்கத் தேவையில்லை. சென்னை நேயருக்கு அது தேவைப்படும்.

அச்சிதழில் பக்க எண்ணிக்கையே எல்லை. பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்குகளில் மடிக்கப்படுவதால், கட்டுரை நீண்டுவிட்டது என்பதற்காக ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்துவிட முடியாது. எனவே எத்தனை பக்கம், எத்தனை படம் என்பதை ஆசிரியரும் வடிவமைப்பாளரும் புகைப்படக்காரர் ஊருக்குக் கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டும். அட்டைக்கு நெடுக்குவாட்டுப் படமும், இரு பக்கம் விரியும் தொடக்கத்துக்கு அகலவாட்டுப் படமும் தேவை என்பதை அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அகலப் படத்தில் முகம் நடுமடிப்பில் விழாமல் ஓரமாக இருக்கட்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். படத்தில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் அந்த இடத்திலேயே, அவரே சொல்லும் எழுத்துக்கூட்டலில் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இதழ் அச்சாகிய பிறகு அந்தப் பெயரைத் திருத்த அடுத்த மாதம் வரை காத்திருக்க நேரும்.