முதுகுப்பைப் பயணத்துக்கு எடை குறைந்த ட்ரைபாட்: தேர்ந்தெடுப்பது எப்படி?

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கப் போகிறவர்கள் ட்ரைபாட் வாங்கும்போது முதலில் பார்ப்பது எடையைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் எடையை மட்டுமே பார்த்து வாங்கினால் லேசான காற்றுக்கே ஆடுகிற ஒன்று கைக்கு வந்து சேரும். கனமாக வாங்கினாலோ, பயணத்தின் இரண்டாம் நாளே அது பைக்குள் புதைந்துவிடும், வெளியே எடுக்க மனம் வராது. என் கட்சி இதுதான்: எடைக்காக எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உயரத்தை விட்டுக்கொடுங்கள், உறுதியில் கை வைக்காதீர்கள்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

பகல் வெளிச்சத்தில் எடுக்கும் சாதாரணப் படங்களுக்கு ட்ரைபாட் தேவையே இல்லை. கேமராவுக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், அகலக் கோண லென்ஸோடு அரை விநாடி வரைகூடச் சிலர் கையில் பிடித்தே சமாளித்துவிடுகிறார்கள். அருவி நீர் பட்டுப்போல வழிய வேண்டும் என்று ஒரு விநாடி, இரண்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைப்பவர்களுக்கும், இருபது விநாடி நட்சத்திரப் படம் எடுப்பவர்களுக்கும் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. மொபைலில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ள மட்டும் என்றால், உள்ளங்கை அளவு குட்டி ட்ரைபாட் போதும். மேற்கொண்டு படிக்கக்கூட வேண்டாம்.

படி 2: கேமராவை எடை போடுங்கள்

சமையலறைத் தராசு போதும். பேட்டரி போட்டு, உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸை மாட்டி எடை பாருங்கள். ஒரு கிலோ வருகிறது என்றால், மூன்று கிலோவாவது தாங்கும் என்று குறிப்பிட்டிருக்கும் ட்ரைபாடைத் தேடுங்கள். ஏன் மூன்று மடங்கு? 'இத்தனை கிலோ தாங்கும்' என்ற கணக்கை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. தவிர, கால் சறுக்கி மடங்காது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆடாது என்று சொல்லவில்லை. 200 மி.மீ. லென்ஸ் மாட்டினால் தூரத்துக் காட்சி பெரிதாவது போலவே நடுக்கமும் பெரிதாகும். 24 மி.மீ. அகலக் கோண லென்ஸோடு போகிறவருக்கு அந்தக் கவலை குறைவு.

அப்புறம், சில நிறுவனங்கள் கால்களின் எடையை மட்டும் போட்டிருப்பார்கள், கேமராவைப் பிடித்துக்கொள்ள மேலே வைக்கும் ஹெட்டின் எடையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இரண்டும் சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் நடைக்கு ஏற்றது.

படி 3: உயரம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உயரம், கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டை முழுக்க மேலே இழுத்த பிறகு வரும் உயரம். அப்படி இழுத்துவிட்டால் கேமரா மூன்று காலில் நிற்பதாகச் சொல்ல முடியாது, ஒற்றைத் தண்டின் நுனியில்தான் நிற்கிறது. எனவே தண்டை இறக்கிய நிலையில் என்ன உயரம் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, பீக் டிசைன் நிறுவனத்தின் பயண ட்ரைபாட், தண்டை ஏற்றினால் சுமார் 152 செ.மீ., இறக்கினால் சுமார் 130 செ.மீ.

130 போதுமா? நன்றாகவே போதும். கேமராவின் உயரம் அதற்கு மேல் கொஞ்சம் சேரும். திரையைச் சாய்த்துப் பார்க்க முடிகிற கேமராவாக இருந்தால் குனியக்கூட வேண்டாம். இயற்கைக் காட்சிகளில் முன்னால் கிடக்கும் பாறையையும் பூவையும் சேர்த்து எடுக்க எப்படியும் இடுப்பளவுக்குக் கீழேதான் போவீர்கள். நின்ற வாக்கில் கண்ணுக்கு நேராக வேண்டும் என்ற ஆசைக்காகக் கூடுதல் எடை சுமப்பது வீண்.

படி 4: கால்கள்

ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது. மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்குகள் இருக்கும். அடுக்கு கூடினால் மடித்த நீளம் குறையும், கடைசிக் குழாய் மெலிந்துபோகும். பையின் பக்கவாட்டில் செருக 45 செ.மீ.க்குள் மடிந்தால் போதும் என்பதால் நான்கு அடுக்கே என் தேர்வு. ஐந்தடுக்கு வாங்கினால், அடிக்குழாய் சுண்டுவிரலை விட மெலிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா? மேலே சொன்ன அதே பீக் டிசைன் மாடலில் அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.29 கிலோ. வித்தியாசம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கார்பனில் அதிர்வு சீக்கிரம் அடங்கும், குளிரில் தொட்டாலும் கை விறைக்காது. விலைதான் எக்கச்சக்கம். பாறையில் பலமாக அடிபட்டால் அலுமினியம் நசுங்கும், கார்பன் விரிசல் விடும். பணம் இடித்தால் அலுமினியத்தை வாங்கிக்கொண்டு, பையில் இருக்கும் தேவையில்லாத சாமானில் ஒரு கால் கிலோவைக் குறையுங்கள்.

திருகிப் பூட்டுவது, மடக்கிப் பூட்டுவது இரண்டுமே நல்லவைதான். கைப்பழக்கம் எதுவோ அதை எடுங்கள்.

படி 5: ஹெட்

நடைப்பயணத்துக்கு, பந்து மூட்டில் திரும்பும் 'பால் ஹெட்' (ball head). ஒரே திருகில் எந்தப் பக்கமும் சாயும், எடையும் குறைவு. கேமராவின் அடியில் திருகி, ஹெட்டில் செருகும் பிளேட் 'ஆர்க்கா-ஸ்விஸ்' என்ற பொது அளவு வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது அதைத்தான் பின்பற்றுகின்றன, ஒன்று தொலைந்தால் மாற்று கிடைப்பது சுலபம். திருகை இறுக்கிய பிறகு கேமரா ஒரு மயிரிழை தொங்குகிறதா என்று கவனியுங்கள். மலிவான ஹெட்களில் இந்தத் தொல்லை அதிகம்.

படி 6: கடையிலேயே சோதியுங்கள்

உங்கள் கேமராவைக் கொண்டுபோங்கள். நடுத்தண்டை இறக்கி, கால்களை முழுக்க நீட்டி, நீளமான லென்ஸை மாட்டுங்கள். தூரத்தில் இருக்கும் ஏதாவது எழுத்தின் மேல் குவித்து, திரையில் அதிகபட்சம் பெரிதாக்குங்கள். இப்போது ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து நடுங்கும். ஒரு விநாடியில் அடங்கினால் சரி. மூன்று, நான்கு விநாடி ஆடிக்கொண்டே இருந்தால், எத்தனை கிராம் குறைவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு அடிக்குழாயை மட்டும் உள்ளே தள்ளி மறுபடி சுண்டிப் பாருங்கள். ஆட்டம் வெகுவாகக் குறைந்தால் கோளாறு அந்த மெலிந்த குழாயில்தான். வெளியில் போனாலும் கனமான மேல் குழாய்களை முதலில் நீட்டுங்கள், மெலிந்ததைத் தேவைப்பட்டால் மட்டும்.

வாங்கிய பிறகு

காற்று அடித்தால் நடுவில் உள்ள கொக்கியில் பையை மாட்டலாம், ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். கடற்கரை மணலில் வைத்திருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவி, நீட்டிய நிலையிலேயே உலர விடுங்கள். கூடவே வரும் சின்ன ஆலன் சாவியை (திருகுகளை இறுக்கும் அறுகோணச் சாவி) பெட்டியோடு வீட்டில் போட்டுவிடாதீர்கள். நடக்க நடக்க பிளேட்டும் கால் மூட்டுகளும் தளரும், அவற்றை இறுக்க அந்தச் சாவி தேவைப்படும்.