அக்டோபரில் பிறக்கும் ஆண்டு: உலகக் கூடைப்பந்தைப் பன்னிரண்டு மாதமும் தொடர்வது எப்படி?

கூடைப்பந்தை ஆண்டு முழுக்கத் தொடர நினைப்பவர்கள் முதலில் ஜனவரியை மறந்துவிட வேண்டும். இந்த விளையாட்டின் ஆண்டு அக்டோபரில் பிறந்து செப்டம்பரில் முடிகிறது. அதனால்தான் லீக்குகள் தங்கள் பருவத்தை 2025-26 என்று இரட்டை எண்ணில் எழுதுகின்றன. ஜனவரியில் பார்க்கத் தொடங்குபவர் பாதிக் கதையில் நுழைகிறார். யார் காயத்தில், எந்த அணி பயிற்சியாளரை மாற்றியது என்று எதுவும் பிடிபடாது.

காலண்டரை எடுத்து முதலில் சில முளைகளை அடித்துவிடுங்கள். அக்டோபர் மூன்றாவது அல்லது நான்காவது வாரம் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ தொடக்கம். ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் யூரோலீக் அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருக்கும். நவம்பர் கடைசியில் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா, தேசிய அணிகள் தகுதிச் சுற்று ஆட ஒதுக்கும் இடைவெளி வாரம், டிசம்பர் நடுவில் என்பிஏ பருவத்துக்குள்ளேயே நடக்கும் என்பிஏ கோப்பையின் முடிவு. பிப்ரவரியில் ஸ்பெயினின் கோப்பா தெல் ரே, அதே மாதக் கடைசியில் இன்னொரு ஃபீபா வாரம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை அமெரிக்கக் கல்லூரிப் போட்டி. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை சாம்பியனைத் தீர்மானிக்கும் என்பிஏ பிளேஆஃப், இடையே மே மாதத்தில் கடைசி நான்கு அணிகள் மோதும் யூரோலீக் ஃபைனல் ஃபோர். அதன் பிறகு கோடை: தேசிய அணிகளின் பெரிய தொடர்களும் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவும். முளைகள் நின்றுவிட்டால் மற்ற லீக்குகளை இடையிடையே செருகலாம். உதாரணமாக, ஆஸ்திரேலியாவின் என்பிஎல் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை ஓடும்.

நேரத்தில்தான் முதல் சறுக்கல்

ஆட்டம் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கடிகாரம்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7.30 ஆட்டம் என்றால், ஜனவரியில் அது உலகப் பொது நேரப்படி மறுநாள் 00.30. அதே 7.30 ஆட்டம் ஏப்ரலில் அதே நாள் 23.30. ஒரு மணி நேரத்தோடு தேதியும் மாறிவிடுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே நாளில் கடிகாரத்தைத் திருப்புவதில்லை என்பது இன்னொரு சிக்கல். 2026-ல் அமெரிக்கா மார்ச் 8-ல் மாறுகிறது, ஐரோப்பா மார்ச் 29-ல். இலையுதிர்காலத்தில் ஐரோப்பா அக்டோபர் 25-லும் அமெரிக்கா நவம்பர் 1-லும் திரும்புகின்றன. இந்த இடைப்பட்ட நாட்களில் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் நேர வித்தியாசம் பொய்த்துவிடும்.

இதற்கு வழி எளிது. காலண்டர் செயலியில் ஆட்டத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதாதீர்கள். நேர மண்டலம் என்ற இடத்தில் நியூயார்க், மாட்ரிட், மெல்போர்ன் என்று ஆட்டம் நடக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுத்து, அறிவிக்கப்பட்ட நேரத்தை அப்படியே இடுங்கள். மாற்றும் வேலையைச் செயலி பார்த்துக்கொள்ளும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஓவர்டைம் வந்தாலும் போதும்.

எத்தனை பார்ப்பது

என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டங்கள். ஆக மொத்தம் 1,230. யூரோலீக் 2025-26-ல் 20 அணிகளாக விரிந்து, அணிக்கு 38 ஆட்டங்கள் ஆனது. எல்லாவற்றையும் பார்க்க முயல்பவர்கள் நவம்பரிலேயே களைத்துப்போகிறார்கள். வாரத்துக்கு 3 முழு ஆட்டங்கள் நல்ல அளவு: ஒன்று என்பிஏ, ஒன்று யூரோலீக், மூன்றாவது அந்த வாரம் எங்கே சூடு பிடித்திருக்கிறதோ அங்கே. என்பிஏ ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரு அணிகளின் முந்தைய நாளைப் பாருங்கள். அடுத்தடுத்த இரவுகளில் ஆடும் அணி இரண்டாவது இரவில் முக்கிய வீரருக்கு ஓய்வு கொடுப்பது சாதாரணம். காய அறிக்கையைப் பார்க்காமல் தூக்கத்தைத் தியாகம் செய்யாதீர்கள். யூரோலீக்கில் ஒரே வாரத்தில் 2 சுற்றுகள் வரும் வாரங்கள் உண்டு. அந்த அணிகள் வார இறுதியில் உள்நாட்டு லீக்கிலும் ஆடியாக வேண்டும். அப்படிப்பட்ட வாரத்தின் இரண்டாவது ஆட்டத்தை வைத்து எந்த அணியையும் எடை போடுவது நியாயமாகாது.

குறுகிய காலத்தில் நிறைய ருசிக்க வேண்டுமென்றால் கோப்பா தெல் ரேதான் எங்கள் பரிந்துரை. பெரும்பாலும் ஸ்பானிய லீக்கின் பாதிப் பருவ நிலவரப்படி தேர்வாகும் 8 அணிகள், ஒரே நகரம், வியாழன் முதல் ஞாயிறு வரை 7 ஆட்டங்கள். தோற்றால் வெளியே. நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டமான என்பிஏ ஆல் ஸ்டார் வார இறுதியை விட்டுவிட்டு இதைப் பார்த்தாலும் இழப்பில்லை.

ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு கண்ணாடி

என்பிஏ விதிகளை மனதில் வைத்துக்கொண்டு ஃபீபா ஆட்டம் பார்த்தால் நடுவர்கள் தப்புத்தப்பாக ஊதுவது போலத் தோன்றும். தப்பு நடுவரிடம் இல்லை, இரண்டும் வேறு விதிப்புத்தகங்கள். என்பிஏ 12 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, ஒரு வீரருக்கு 6 ஃபவுல் ஆனால் வெளியே. ஃபீபாவும் யூரோலீக்கும் 10 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, 5 ஃபவுல். ஆகவே முதல் கால் பகுதியில் 2 ஃபவுல் வாங்கிய சென்டரை (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்) ஐரோப்பியப் பயிற்சியாளர் உடனே பெஞ்சில் உட்கார வைப்பதில் ஆச்சரியமில்லை. த்ரீ பாயிண்ட் கோடு என்பிஏவில் 7.24 மீட்டர், மூலைகளில் 6.71, ஃபீபாவில் 6.75, மூலைகளில் 6.60. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் இன்னமும் 20 நிமிடப் பாதிகள் இரண்டு ஆடுகிறார்கள். கல்லூரிப் பெண்கள் 2015-16 முதல் 10 நிமிடக் கால் பகுதிகளுக்கு மாறிவிட்டார்கள்.

குழப்பம் அதிகம் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, பந்து ரிங்கைத் தொட்ட பின். ஃபீபாவில் பந்து ரிங்கில் பட்டுவிட்டால், அது ரிங்கின் மேலே உருண்டுகொண்டிருந்தாலும் தடுப்பவர் தட்டிவிடலாம். என்பிஏவில் அதே செயல் கோல்டெண்டிங், அதாவது விதிமீறல். கூடை விழுந்ததாகவே கணக்கு. இன்னொன்று டைம் அவுட். என்பிஏவில் பந்தை வைத்திருக்கும் அணியின் வீரரே ஆட்டம் ஓடும்போது கையைக் காட்டி டைம் அவுட் கேட்கலாம். ஃபீபாவில் பயிற்சியாளர்தான் கேட்க முடியும். பந்து நின்ற பிறகோ, எதிரணி கூடை போட்ட பிறகோதான் கிடைக்கும். இரு தடுப்பாளர்களின் பொறியில் மாட்டிய கார்டு (பந்தை நடத்திச் செல்லும் வீரர்) ஏன் டைம் அவுட் கேட்காமல் திணறுகிறார் என்று கத்துபவர்களுக்கு இதுதான் பதில்.

எண்களை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை தேவை. யூரோலீக்கில் 15 புள்ளி எடுப்பவரை என்பிஏவின் 15 புள்ளிக்காரரோடு நேராக நிறுத்தாதீர்கள். ஆட்டமே 8 நிமிடம் குறைவு. துல்லியத்தைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்: விழுந்தது, விழாதது என்று பாராமல் எறிந்த ஷாட் எண்ணிக்கையோடு, எறிந்த ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், அதை இரட்டியுங்கள், புள்ளியை அதனால் வகுங்கள். 15 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ, 22 புள்ளி என்றால் 22-ஐ 35.28-ஆல் வகுக்க 62 சதவீதத்துக்கு மேல் வரும். அருமையான இரவு அது.

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி ஏன் இன்னும் எறிகிறது

தேசிய அணிகளின் தொடர்களில் புதியவர்கள் கோட்டைவிடும் இடம் புள்ளி வித்தியாசம். ஃபீபா குழுவில் வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1, ஆடாமல் விட்டால் 0. அணிகள் சமமாக நின்றால், முதலில் அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அங்கேயும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம்.

நான்கு அணிக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 2 இடங்கள்தான் அடுத்த சுற்றுக்கு. நான்காவது அணி மற்ற மூவரிடமும் தோற்றுவிட்டது. ‘அ’ அணி ‘ஆ’வை 5 புள்ளியில் வென்றது, ‘ஆ’ அணி ‘இ’யை 12-ல் வென்றது. கடைசி ஆட்டம் ‘இ’க்கும் ‘அ’வுக்கும். 8 நொடி பாக்கி, ‘இ’ 6 புள்ளி முன்னிலை, பந்தும் அவர்கள் கையில். ஆட்டம் முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் 6-ல் வென்றால் மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆளுக்கு ஒரு வெற்றியோடு சமம். ‘ஆ’வின் வித்தியாசம் கூட்டல் 7, ‘அ’வுக்குக் கழித்தல் 1, ‘இ’க்குக் கழித்தல் 6. ‘இ’ வென்றும் வெளியே. 9-ல் வென்றால் ‘இ’க்குக் கழித்தல் 3, ‘அ’வுக்குக் கழித்தல் 4. ஒரே ஒரு புள்ளியில் ‘இ’ உள்ளே. ஆகவே அந்த 8 நொடியில் ‘இ’ ஒரு த்ரீ போட்டே ஆக வேண்டும். ‘அ’வோ தோற்றுக்கொண்டே உயிரைக் கொடுத்துத் தடுக்கும். கணக்கு தெரியாதவருக்கு இது அகங்காரமாகத் தெரியும். தெரிந்தவருக்கு அதுதான் அந்த ஆட்டத்தின் உச்சம்.

ஆக, குழுவின் கடைசி நாளுக்கு முன் ஒரு தாளில் இந்தக் கூட்டல் கழித்தலை எழுதி, யாருக்கு எத்தனை புள்ளி வித்தியாசம் தேவை என்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிட வேலை. என்பிஏ கோப்பையின் குழு ஆட்டங்களிலும் வித்தியாசம் சமநிலையை உடைக்கப் பயன்படுவதால் நவம்பரிலேயே பழகிக்கொள்ளலாம். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம் தவிர மற்றவை 82-க்குள் சேர்ந்தவை என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெற்றி எண்ணிக்கை இடிக்கும்.

ஃபீபா வாரங்களில் ஏமாறாமல் இருக்க

நவம்பர், பிப்ரவரி தகுதிச் சுற்றுகள் என்பிஏ பருவத்தின் நடுவில் வருகின்றன. என்பிஏ வீரர்கள் வரமாட்டார்கள், யூரோலீக்கில் ஆடுபவர்களும் பெரும்பாலும் வரமாட்டார்கள். நாட்டின் பெயரை நம்பி உட்காராமல் 12 பேர் பட்டியலைப் பாருங்கள். பெரிய நாடுகள் சிறிய நாடுகளிடம் சறுக்குவது இந்த வாரங்களில்தான் அதிகம். இன்னொரு விதி: 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் அணிக்கு ஒருவர்தான். ஐரோப்பிய நாடுகளின் தொடரான 2022 யூரோபாஸ்கெட்டில் ஸ்பெயினுக்கு லொரென்சோ பிரவுன் ஆடியது அந்த ஒரே இடத்தில்தான்.

முந்தைய சுற்றின் வெற்றி தோல்விகள் அடுத்த சுற்றுக்கும் கூடவே வருவதால், நவம்பரில் அலட்சியமாகத் தோற்ற ஆட்டம் ஓராண்டு கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும். 2027 உலகக் கோப்பை கத்தாரில், 32 அணிகளோடு. அதற்கு முன் 2026 செப்டம்பரில் பெண்கள் உலகக் கோப்பை பெர்லினில், 16 அணிகளோடு.

மார்ச் முதல் ஜூன் வரை

கல்லூரிப் போட்டியில் 68 அணிகள், தோற்றால் வெளியே, ஆகவே மொத்தம் 67 ஆட்டங்கள். முதல் முழுச் சுற்று வியாழன், வெள்ளி இரண்டே நாளில் 32 ஆட்டங்கள். விடுப்பு எடுப்பதானால் அந்த வெள்ளியை எடுங்கள். அணிகளுக்குப் போட்டிக்கு முன்பே 1 முதல் 16 வரை தர எண் கொடுக்கப்படும். 1-ஆம் தர அணியும் பாதுகாப்பானதல்ல: 2018-ல் விர்ஜினியாவும் 2023-ல் பர்டூவும் 16-ஆம் தர அணிகளிடம் விழுந்தன.

என்பிஏவில் கிழக்கு, மேற்கு என்ற ஒவ்வொரு பிரிவிலும் முதல் 6 அணிகள் நேரே பிளேஆஃபுக்குள். 7-ஆவதும் 8-ஆவதும் மோதி, வென்றவர் 7-ஆம் இடம். 9-ஆவதும் 10-ஆவதும் மோதி, தோற்றவர் வீட்டுக்கு. மீதி இருவரும் கடைசி இடத்துக்கு மோதுவார்கள். அதன்பின் 7 ஆட்டத் தொடர். இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அரங்கம் மாறும். எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் 3-ஆவது ஆட்டத்திலிருந்து சேருங்கள். முதல் இரண்டில் கண்ட ஓட்டைகளைப் பயிற்சியாளர்கள் அடைக்கத் தொடங்கியிருப்பார்கள், அரங்கமும் கை மாறியிருக்கும். யூரோலீக் ஃபைனல் ஃபோரில் இந்த நிதானம் கிடையாது: அரையிறுதி ஒரே ஆட்டம், இறுதி ஒரே ஆட்டம். 2025-ல் அபுதாபியில் ஃபெனர்பாஹ்சே மொனாக்கோவை வென்றது அப்படித்தான்.

கோடை

ஜூலையில் லாஸ் வேகஸ் சம்மர் லீக்கில் என்பிஏவுக்குப் புதிதாக வரும் வீரர்களைப் பாருங்கள், ஆனால் அங்குள்ள புள்ளிகளை நம்பாதீர்கள். தடுப்பாட்டம் இன்னும் ஒட்டியிருக்காது. டபிள்யூஎன்பிஏ 2025-ல் 13 அணிகள், அணிக்கு 44 ஆட்டங்கள் என்று மே முதல் அக்டோபர் வரை ஓடியது. ஜூலை, ஆகஸ்டில் வாரத்தின் முதல் ஆட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். அணிக்கு மூவர் ஆடும் 3×3 பார்க்க ஒரு மாலை போதும்: அரைக் கோர்ட், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, 12 நொடி ஷாட் கிளாக், வளைவுக்குள் 1 புள்ளி, வெளியே 2. கூடை விழுந்ததும் ஆட்டம் நிற்காது, அடியிலிருந்தே பந்தை எடுத்து வளைவுக்கு வெளியே கொண்டுபோவார்கள். ஸ்கோர்போர்டைத் தேடிக் கண்ணைத் திருப்பினால் அடுத்த கூடையும் விழுந்திருக்கும்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் புதிய காலண்டரைத் திறந்து, அடுத்த பருவத்தின் ஃபீபா வாரங்களையும் கடிகாரம் மாறும் 4 தேதிகளையும் முதலில் எழுதுங்கள். லீக்குகளின் ஆட்டப் பட்டியலை அதற்குப் பிறகு சேர்க்கலாம்.