செம்மண்ணில் வெள்ளிக்காசு: மெட்டல் டிடெக்டரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

பெங்களூரில் பழங்காசுப் பித்துப் பிடிக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. யஷ்வந்தபுரத்திலும் எச்.ஏ.எல். விமான நிலையப் பக்கத்திலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. 2012-இல் மெட்ரோ பாதைக்காகத் தோண்டியபோது கே.ஆர். மார்க்கெட் அருகே பழைய பீரங்கிகள் வெளிவந்தன. பட்டாளத்தோடு வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பாட்டியின் பெட்டியில் விக்டோரியா ரூபாய் இல்லாத வீடு அபூர்வம். அதனால் டிடெக்டர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கோட்டைப் பக்கம் போய்த் தேடலாமா?”

கூடாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெங்களூர்க் கோட்டை, திப்புவின் கோடைக்கால அரண்மனை, தேவனஹள்ளிக் கோட்டை, நந்தி போகநந்தீஸ்வரர் கோயில் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டுவது குற்றம். இவை போக, மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களும் உண்டு; அவையும் வேண்டாம். லால்பாக், கப்பன் பார்க், ஏரிக்கரை, ராணுவ நிலம் எதையும் நினைக்கவே வேண்டாம். விடியற்காலையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்களோடு சேராதீர்கள். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் இன்னொரு காரணம் இருக்கிறது: ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வரலாறு. பிடுங்கி எடுத்த பிறகு மிஞ்சுவது பதினொரு கிராம் வெள்ளி மட்டுமே.

மீதி இருப்பது தனியார் நிலம். ஆனேக்கல், ஹொஸ்கோட்டைப் பக்கம் நண்பருக்கோ உறவினருக்கோ நிலம் இருந்தால் அதுவே போதும். நில உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேழ்வரகு அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கு முன் நிலம் சும்மா கிடக்கும் காலமே சிறந்தது. மழை ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தால் மண்வெட்டிக்கும் நல்லது, சிக்னலுக்கும் நல்லது.

நிலத்திலும் கண்ட இடத்தில் சுற்றாதீர்கள். பழைய களத்துமேடு, தூர்ந்த கிணற்றடி, சந்தை கூடிய புளியந்தோப்பு, வண்டிப்பாதை ஓரம்: ஆட்கள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்த இடங்களில்தான் மடியிலிருந்து காசு நழுவும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் “தாத்தா, அந்தக் காலத்தில் சந்தை எங்கே கூடும்?” என்று கேட்டால் எந்த வரைபடமும் சொல்லாததைச் சொல்லிவிடுவார். ஆனால் கருவியைப் பார்த்ததும் “நிதி (புதையல்) எடுக்க வந்தவர்கள்” என்று ஊர் சந்தேகப்படும். கோயில்களை இடித்துப் புதையல் தோண்டும் கும்பல்கள் பிடிபடுகிற செய்தி இங்கே அடிக்கடி வருவதால் அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. நில உரிமையாளர் கூடவே நிற்கட்டும்.

2. கருவியை வாங்குங்கள்

எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் கைத்தடி மாதிரியான டிடெக்டர் மால் வாசலில் ஆளைச் சோதிப்பதற்கானது, மண்ணுக்கு உதவாது. நீண்ட தண்டும் அடியில் தட்டையான சுருளும் கொண்ட ‘வி.எல்.எஃப்.’ (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை வேண்டும். காரெட், மைன்லேப், நோக்டா ஆகிய நிறுவனங்களின் தொடக்கநிலை மாடல்கள் போதும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதி. நம்முடைய செம்மண்ணுக்கு நிறம் தருவதே இரும்புத்தாது. அதைக் கழித்துக் கேட்கத் தெரியாத கருவி ஓயாமல் முனகும். இரண்டு, ‘டி’ எழுத்து வடிவில் இரண்டு கம்பிச்சுற்றுகள் கொண்ட ‘டபிள் டி’ சுருள். இத்தகைய மண்ணில் வட்டச்சுருளைவிட அது நிதானமாக நிற்கும்.

பத்தடி ஆழத்துப் புதையலைக் காட்டும், அரை கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைச் சொல்லும் என்று ஆண்டெனா கம்பிகளோடு விற்கப்படும் கருவிகள் அத்தனையும் ஏமாற்று. அரிசியை இழுக்கும் அபூர்வக் கலசம் என்று ஏமாற்றி ‘ரைஸ் புல்லிங்’ கலசத்தை விற்கும் கூட்டத்துக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். சாதாரண டிடெக்டர் ஒரு ரூபாய் அளவுக் காசை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரை பிடிக்கும். செம்மண்ணில் அதுவும் குறையும்.

கூடவே, குழிக்குள் உலோகம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்கமான பின்பாயின்டர் ஒன்றும், ஹெட்போனும், குறுகிய களைக்கொத்தும், குப்பைக்கு ஒரு துணிப்பையும் வேண்டும்.

3. வீட்டிலேயே காதைப் பழக்குங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. பெரும்பாலானோர் தவிர்க்கும் படியும் இதுவே.

கருவி செய்வது இதுதான்: சுருள் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது சிறு மின்சுழல்களை எழுப்புகிறது. அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் அலையின் தாமதத்தை அளந்து, கருவி ஓர் எண்ணும் ஒலியும் தருகிறது. வெள்ளி உலோகங்களிலேயே சிறந்த மின்கடத்தி என்பதால் எண் உச்சத்துக்குப் போகும். இரும்பு அடியில் நிற்கும். அலுமினியத்தாள், குட்கா பாக்கெட்டின் உள்தாள், டின் மூடி எல்லாம் நடுவில் கும்மாளமிடும்.

தோட்டத்திலோ நண்பரின் நிலத்திலோ ஒரு பாத்தி ஒதுக்குங்கள். ஒரு விக்டோரியா ரூபாய், ஒரு பழைய செப்புக் காலணா, துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, இப்போதைய ஒரு ரூபாய் ஆகியவற்றை நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இப்போதைய ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு; கருவி அதை இரும்புச் சாதியில்தான் சேர்க்கும். வெள்ளியின் ஒலி உருண்டையாக, தெளிவாக, இடமிருந்து வலம் வீசினாலும் வலமிருந்து இடம் வீசினாலும் ஒன்றுபோல வரும். ஆணியின் ஒலி ஒரு பக்கம் கீச்சிட்டு மறுபக்கம் அறுந்துபோகும்.

குழப்புவது மாட்டு லாடமும் வண்டிச்சக்கரப் பூணும்தான். பெரிய, வளைந்த இரும்பு சில நேரம் வெள்ளியைப் போலவே உயர்ந்த எண் காட்டி ஆசைகாட்டும். அப்போது அந்த இடத்தைச் சுற்றிக் கால்வட்டம் நடந்து, வேறு கோணத்திலிருந்து வீசிப் பாருங்கள். ஒலி உடைந்தாலோ இடம் நகர்ந்தாலோ அது இரும்பு.

4. நிலத்தில் வீசுங்கள்

முதலில் உலோகம் இல்லாத ஒரு துண்டு மண்ணில் சுருளை மேலும் கீழும் அசைத்துக் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். கருவியின் உணர்திறனை (‘சென்சிடிவிட்டி’) முழுதாக ஏற்றாதீர்கள். சத்தம் அடங்கும் அளவுக்குக் குறைத்தால்தான் ஆழமான மெல்லிய ஒலி காதில் விழும்.

சுருள் தரையை உரசாமல், ஆனால் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் மட்டமாக நகர வேண்டும். வீச்சின் கடைசியில் ஊஞ்சல்போல மேலே தூக்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். அங்கேதான் காசு தப்பிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய வயலை முடிப்பதைவிட, கயிறு கட்டிய பத்தடிச் சதுரத்தைப் பொறுமையாக முடிப்பது மேல்.

5. தோண்டுங்கள், மூடுங்கள்

சிக்னலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசி, ஒலி உச்சமாகும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். புல் இருந்தால் அந்தப் புள்ளியிலிருந்து நான்கு விரல் தள்ளி மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கதவுக் கீல்போல விட்டுப் புரட்டுங்கள். எடுத்த மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள். பின்பாயின்டரால் குழியையும் மண்குவியலையும் தடவுங்கள். ஓரத்தில் கறுத்த ஒரு விளிம்பு தெரிந்தால் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரலுக்கு மாறுங்கள். இரும்பு நுனி ஒருமுறை கீறினால் அந்தக் கீறல் காசின் ஆயுள் முழுக்க இருக்கும்.

குழியை மூடி, மிதித்து, கிடைத்த குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு நகருங்கள். மாட்டின் காலில் குத்தக்கூடிய ஆணிகளை அள்ளிக் காட்டினால் நில உரிமையாளர் மறுமுறை தானே கூப்பிடுவார். தோட்டா, குண்டு போன்ற எதையும் தொடவேண்டாம். விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.

ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வது நல்லது. வெள்ளி ரூபாய் அந்தக் காலத்தில் பெரிய தொகை. அதைத் தொலைத்தவர் விளக்கேற்றியாவது தேடியிருப்பார். ஆகவே தனியாகக் கிடைப்பவை பெரும்பாலும் செப்புக் காசுகள், மாட்டுச் சலங்கை, வண்டிக் கடையாணி, சட்டைப் பொத்தான். ரூபாய்கள் சேர்ந்து கிடைத்தால், யாரோ வேண்டுமென்றே புதைத்தவை. ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டாவது தெரிந்த கணமே தோண்டுவதை நிறுத்துங்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மண்ணைத் தள்ளி மூடுங்கள்.

6. தெரிவியுங்கள்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதையும் புதையல் என்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் என்ன, எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கர்நாடகத்துக்கு 1962-இல் தனிப் புதையல் சட்டம் வந்தது. இங்கே மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் டெபுடி கமிஷனர் என்பதால் மனு அவர் அலுவலகத்துக்குப் போகும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். “கண்டுபிடித்தவனுக்கே சொந்தம்” என்ற பேச்சு இங்கே செல்லாது. இது பிடிக்காதவர்கள் கருவி வாங்கும் பணத்துக்கு நாணயக் கண்காட்சியில் ரசீதோடு நான்கு நல்ல ரூபாய்களை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் நல்ல பொழுதுபோக்குதான்.

7. அடையாளம் காணுங்கள், தேய்க்காதீர்கள்

1835 முதல் வந்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வந்த ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். விக்டோரியாவின் தலைக்குப் பக்கத்தில் ‘குயின்’ என்றிருந்தால் 1877-க்கு முந்தையது, ‘எம்ப்ரஸ்’ என்றால் அதற்குப் பிந்தையது. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அவர் அங்கியில் உள்ள யானை பன்றியைப்போல இருக்கிறது என்று புகார் எழுந்து, அந்த அச்சே மாற்றப்பட்டது. யானை பொறித்த செப்புக்காசு கிடைத்தால் மைசூர்க் காசாக இருக்கலாம். திப்புவும் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் அப்படி அச்சடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் யாராவது விபூதியை எடுத்துக்கொண்டு வருவார்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குக் கொலை. அந்தக் கறுப்பு வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படலம். அதைத் தேய்த்தால் எழுத்தின் மேடும் சேர்ந்து போகும். சேகரிப்பவர் கையில் எடுத்த உடனேயே கண்டுபிடித்து விலையைப் பாதியாக்குவார். புளியும் பற்பசையும் அதே ரகம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் தானாக இளகியதும் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். அமிலமில்லாத காகித உறையே நல்லது. உறையின் மேல் தேதி, நிலத்தின் சர்வே எண், ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். டெபுடி கமிஷனர் அலுவலகத்தில் கேட்கப்போவதும் அதே விவரங்களைத்தான்.