விளையாட்டரங்கத் தரையில் விசேஷம்: மரத்தரையையும் பிவிசி மேட்டையும் காப்பது எப்படி

பேட்மின்டன் அரங்கை முகூர்த்தத்துக்கோ மருத்துவ முகாமுக்கோ விடும்போது, நிர்வாகிகள் முதலில் கேட்பது எத்தனை பேர் வருவார்கள் என்பதைத்தான். 500 பேர் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து எழுந்து போனாலும் நல்ல தரைக்கு ஒன்றும் ஆகாது. காலோடு வரும் மணலும் பந்தியிலிருந்து வரும் தண்ணீரும்தான் தரையைக் கெடுக்கின்றன. அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் வாசலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் செலவிடுங்கள். நடுக்கூடத்துக் கார்ப்பெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தரை எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் அது சட்டத்தின்மேல் அடித்த மரத்தரை. அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு இருக்கும். பச்சையாகவோ நீலமாகவோ சுருள் சுருளாக விரித்திருந்தால் அது பிவிசி மேட். மேட் ஒட்டப்படாமல் இணைப்பில் மட்டும் டேப் போட்டு விரித்திருந்தால், எடுத்துவிடுவதே எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு. 6 அங்குல பிவிசி குழாயில், முதலில் எந்தப் பக்கமாகச் சுருட்டி வந்ததோ அதே பக்கமாகச் சுருட்டிப் படுக்கவையுங்கள். மடித்தால் அந்த மடிப்பு பிறகு போகாது. நிறுத்திவைத்தால் ஓரம் நசுங்கும்.

வாசல் ஏற்பாடு ஊருக்கு ஊர் மாறும். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து வண்டல் களிமண் காலில் ஒட்டிக்கொண்டு வந்து, உள்ளே காய்ந்து, மாவாக உதிரும். அங்கே வெளியிலேயே குழாயடியும் கால் துடைக்கச் சாக்கும் வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை மணல். ஒவ்வொரு மணியும் உப்புத்தாள்போலப் பூச்சைக் கீறும். அங்கே தண்ணீர் ஊற்றினால் மணல் காலில் இன்னும் நன்றாக ஒட்டும். முரட்டுத் தென்னைநார் மிதியடிதான் அங்கே சரி. எந்த ஊரானாலும் மூன்று கட்டம் வையுங்கள்: படிக்கு வெளியே நார் மிதியடி, வாசலுக்குள் கெட்டிச் சாக்கு, அதையடுத்து வெள்ளைப் பருத்தித் துணி. மூன்றும் சேர்ந்து 4 அல்லது 5 மீட்டர் நீளம் வேண்டும். ஒரே தப்படியில் தாண்டக்கூடிய மிதியடியால் பயனில்லை. வெள்ளைத் துணி எதற்கென்றால், அது அழுக்கானதும் முதல் இரண்டும் நிரம்பிவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். உடனே உதற ஓர் ஆள் அங்கேயே நிற்கட்டும். செருப்பு அலமாரி படிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் மூன்று கட்டமும் வீண்.

விரிப்புக்கு வருவோம். போடும் முன் தரையை உலர்ந்த மாப்பால் இரண்டு முறை துடையுங்கள். விரிப்புக்கு அடியில் மாட்டிய மணல், மேலே நடக்க நடக்கத் தரையை அரைத்துக்கொண்டே இருக்கும். 20 மீட்டருக்கு 18 மீட்டர் கூடம், 2 மீட்டர் அகலச் சுருள் என்றால், ஒன்றின்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏறும்படி போட 10 பட்டைகள், மொத்தம் 200 மீட்டர் ஆகும். பந்தல்காரர் கொண்டுவரும் சிவப்புக் கார்ப்பெட்டை அப்படியே விரிக்க விடாதீர்கள். ஈர வெள்ளைத் துணியால் அதில் அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஏறினால், ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தாலே அந்தச் சாயம் தரைக்கும் இறங்கும். அடியில் சாயமில்லாத கெட்டித் துணியோ வெளுத்த ஜமுக்காளமோ போட்டு, அதன்மேல் கார்ப்பெட் போடச் சொல்லுங்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரிப்பவர்கள் அச்சுப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும். அந்த மை பிவிசி மேட்டில் ஒட்டினால் வராது.

டேப்பை விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவில் மட்டும் ஒட்டுங்கள், தரையில் ஒட்டவே கூடாது. பழுப்பு பேக்கிங் டேப்பின் பசை சித்திரை வெயிலில் இளகித் தரையோடு தங்கிவிடும். உரித்தால் பியூ பூச்சும் கூடவே வரும். சுவரோரம் தரைக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, மரம் விரிவதற்காக விட்டது. அதில் துணியைத் திணித்து அடைக்கவோ ஆணி அடிக்கவோ விடாதீர்கள்.

அடுத்தது பாரம். 70 கிலோ ஆள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் காலுக்குப் பதினேழரை கிலோ; பின்னால் சாய்ந்து ஆடினால் இரண்டு கால்களில் 35 கிலோ வீதம் இறங்கும். விரிப்பு அதைத் தாங்கிவிடும். இரும்பு நாற்காலியில் புஷ் (காலின் அடியில் மாட்டும் மூடி) கழன்ற ஒரு கால் போதும், கார்ப்பெட்டைத் துளைத்து மரத்தில் பள்ளம் போட. இறக்கும்போதே ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பாருங்கள். பிவிசி மேட்டின்மேல் கறுப்பு ரப்பரை நேரடியாக வைக்கக் கூடாது; ரப்பரில் இருக்கும் ரசாயனம் மேட்டுக்குள் இறங்கி மஞ்சள் வட்டமாக நின்றுவிடும். கீறல் இல்லாததால் அன்று தெரியாது, சில வாரம் கழித்துத்தான் தெரியும். மணமேடை, ஸ்பீக்கர் பெட்டி, தள்ளுவண்டி போகும் பாதை ஆகியவற்றுக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் போடுங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகை என்றால் 20 மீட்டர் பாதைக்கு 9 பலகை ஆகும். வலைக்கம்பக் குழிகளின் மூடிமேல் நாற்காலிக் கால் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்கலப் பொருள்களைத் தடுக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். வாழைமரம் வெட்டிய இடத்தில் வடியும் பால் முதலில் தண்ணீர்போலத்தான் இருக்கும். மாலைக்குள் கறுத்து, துணியிலும் மரத்திலும் நிரந்தரக் கறையாகிவிடும். அடிப்பாகத்தைச் சாக்கால் சுற்றி, மணல் நிரப்பிய வாளியில் நிறுத்தி, வாசலுக்கு வெளியே கட்டுங்கள். குத்துவிளக்கு விளிம்புள்ள பெரிய தாம்பாளத்தில் நிற்கட்டும். இழைக்கோலத்தைக் காவியடித்த ப்ளைவுட் பலகையில் போட்டுக் கொண்டுவந்து வைக்கலாம். பார்க்கவும் அழகு, அழிக்கவும் வேண்டியதில்லை. ஆரத்தி வாசலோடு முடியட்டும். ஹோமத்தை மட்டும் அரங்குக்குள் அனுமதிக்காதீர்கள். செங்கல்லும் மணலும் பரப்பினாலும் சூடு அடியில் இறங்கும். புகை மெஷினும் வேண்டாம். அதன் படலம் தரையில் படிந்தால் மறுநாள் ஆடுபவர் வழுக்கி விழுவார்.

பந்தி வெளியே தனிப் பந்தலில்தான் நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே குடிநீர் மட்டும். அந்த 20 லிட்டர் கேனையும் அகலத் தட்டில் வைத்து, சுவரோரமாக, மின் இணைப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மஞ்சள் கறை மேட்டில் பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு விடுங்கள். வெளிச்சம் பட்டால் நாளாக மங்கும். தின்னர், அசிட்டோன் போட்டால் மேட்டையே கரைத்துவிடும்.

விசேஷம் முடிந்த அன்று இரவே விரிப்பை எடுங்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போகட்டும், இழுக்கக் கூடாது. மேல்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டினால் மணலும் ஊசியும் உள்ளேயே தங்கும். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடியுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், புதுக் கீறல் எல்லாம் நிழலோடு தெரியும். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதும் ஃபினாயில் விடுவதும் மரத்தரைக்கு ஆகாது. நன்றாகப் பிழிந்த மாப், அதற்குப் பின் உலர்ந்த மாப், அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பார்த்ததுபோல, புயல் வந்தால் பெரிய கூடங்கள் எல்லாம் மக்கள் தங்கும் இடமாகிவிடும். அப்போது மக்கள்தான் முதலில். தரைக்காக யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது. ஆனால் தார்ப்பாயைப் பல நாள் அப்படியே விட்டால் அடியில் ஈரம் தேங்கும். அதற்குப் பதில் கோரைப்பாய் கொடுங்கள், காற்று போகும். தினமும் காலையில் கூடத்தின் ஒரு பகுதியைக் காலிசெய்து, பாயை எடுத்து, மின்விசிறி போட்டு உலர்த்துங்கள்.

அப்படியும் நீர் புகுந்து பலகைகளின் ஓரம் மேலே எழும்பினால், அடிப்பக்கம் ஈரமாகவும் மேல்பக்கம் காய்ந்தும் இருக்கிறது என்று பொருள். உடனே ஆள் வைத்து இழைக்காதீர்கள். ஈரம் போனதும் பலகை தானே பெருமளவு சமனாகும். அதற்கு முன் இழைத்தால், காய்ந்தபின் நடுப்பகுதி மேடாகி ஓரம் தாழ்ந்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டுச் சில வாரம் காத்திருங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் தொடர்ந்து ஒரே அளவு காட்டிய பிறகு தச்சரைக் கூப்பிடலாம்.